பெரியவர்களுக்கான பாட்டில் சத்துபானம்: வாங்குவது முதல் நிறுத்துவது வரை

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்து வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது அம்மாவுக்கு வயது 72. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதத்தில், அவர் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. பயந்துபோய் மருந்துக்கடையில் சத்துபானப் பாட்டில்கள் வாங்கி வந்தேன். காலை 11 மணிக்கு ஒரு பாட்டில் கொடுப்பேன். மதியம் தட்டை வைத்தால், "வயிறு நெறஞ்சு கெடக்குத்தா, அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. மூன்று வாரம் கழித்து எடை பார்த்தோம். இன்னும் ஒரு கிலோ குறைந்திருந்தது.

பானத்தில் குறை இல்லை. நான் கொடுத்த நேரமும் அளவும்தான் தப்பு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சோற்றையும் அந்தப் பாட்டில் விரட்டிவிட்டது. அதன்பிறகு மருத்துவர்களிடமும் உணவியல் நிபுணர்களிடமும் கேட்டும், அட்டைப்பெட்டிகளின் பின்புறத்தை வரி வரியாகப் படித்தும் தெரிந்துகொண்டதை, நம் கடற்கரையில் வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எதைச் சத்துபானம் என்கிறோம்?

மருந்துக்கடையில் ஒரே அலமாரியில் பல சாமான் நிற்கும். குளுக்கோஸ் பொடி, மால்ட் பானம், உடற்பயிற்சிக்கூடத்துப் புரதப் பொடி, காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க், வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். இவை எதுவும் நாம் தேடும் பொருள் இல்லை. ஓ.ஆர்.எஸ். உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தரும், சதையைத் திருப்பித் தராது. குளுக்கோஸில் சர்க்கரை மட்டும்தான்.

நாம் பேசுவது, ஒரு சிறிய பாட்டிலுக்குள் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, வைட்டமின்கள், தாதுக்கள் எல்லாம் அளந்து சேர்த்து, கிருமி நீக்கி அடைத்த பானம். மூடியைத் திறந்து அப்படியே குடிக்கலாம். பெரும்பாலானவை பால் போல இருக்கும். பழச்சாறு போலத் தெளிவாக, கொழுப்பில்லாமல் வருவதும் உண்டு, பால் வாடையே பிடிக்காதவர்களுக்கு அது உதவும். சாதாரண வகையில் 1 மில்லிக்கு 1 கலோரி. செறிவான வகைகளில் 1 மில்லிக்கு 1.5 அல்லது 2 கலோரி. கொஞ்சம்தான் குடிக்க முடியும் என்கிறவர்களுக்குச் செறிவான வகைதான் பொருத்தம்.

இதே சத்து டப்பாவில் பொடியாகவும் கிடைக்கும். நம் ஊரில் பொடிதான் அதிகம் விற்கிறது, எந்த நிறுவனத்துப் பொடியாக இருந்தாலும் 'என்ஷூர்' என்று பெயர் சொல்லிக் கேட்கிறவர்களே நிறையப் பேர். பொடி மலிவு. ஆனால் அதைக் கலக்க நல்ல தண்ணீர் வேண்டும், அளவுக் கரண்டி தவறக் கூடாது, கலக்கிக் கொடுக்க ஆளும் வேண்டும். ராமநாதபுரம் கரையோரத்தில் நல்ல தண்ணீர் என்பது சின்ன விஷயமா? குடம் விலைக்கு வாங்குகிற தெருக்கள் இருக்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. உவர்த் தண்ணீரில் பொடியைக் கலந்து கொடுத்தால் அம்மா இரண்டாவது வாய்க்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிறுநீரகக் கோளாறோ ரத்தக்கொதிப்போ இருந்தால் அந்த உப்பு வேறு ஒரு தொல்லை. மகனும் மருமகளும் கடலுக்கோ வேலைக்கோ போய்விட, பகலில் தனியாக இருக்கும் பெரியவருக்கு மூடியைத் திறந்தால் போதும் என்ற பாட்டில் தரும் நிம்மதி பெரிது. கூடுதல் விலை கொடுப்பது இதற்குத்தான். வீட்டில் ஆளும் நல்ல தண்ணீரும் இருந்தால் பொடியே போதும், காசை மீனுக்கும் முட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எடை

எடை பார்க்காமல் இந்தப் பானத்தைத் தொடங்காதீர்கள். முயற்சி எதுவும் செய்யாமலே 3 முதல் 6 மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். அம்மா விழுவதற்கு முன் 48 கிலோ, வீட்டுக்கு வந்தபோது 43. ஐந்து கிலோதானே என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் 10 சதவீதத்துக்கு மேல்.

எடைமேடையில் ஏறி நிற்க முடியாதவரா? வளையல், மோதிரம், இடுப்புச் சேலைக் கட்டு, கன்னம், தோள்பட்டை எலும்பு, எல்லாமே சொல்லிவிடும். தையல் நாடாவை எடுத்துக் கெண்டைக்கால் சதையின் பருமனான இடத்தில் சுற்றிப் பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காலில் நீர் கோத்திருந்தால் மட்டும் இந்த அளவை நம்பாதீர்கள்.

எடை குறைந்ததற்குக் காரணம் இருக்கும். காசநோய், புற்றுநோய், கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, பல் இல்லாமை, மனச்சோர்வு என்று எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் பாட்டிலை மட்டும் கொடுத்தால் நோய் உள்ளே வளரும். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022 முதல் இயங்குகிறது, மதுரைக்குப் போக வேண்டுமே என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு மூன்றும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனைதான் முதல் வேலை. காசநோய் உறுதியானால் சத்துணவுக்காக மத்திய அரசு சிகிச்சைக் காலம் முழுக்க வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

இரண்டாம் படி: எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன அளவு. நோயில் விழுந்து எழுந்த முதியவருக்கு இது போதாது. 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும். கலோரி கிலோவுக்குச் சுமார் 30.

அம்மா அப்போது 42 கிலோ. 42-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 50 கிராம் புரதம். கலோரி 1,260. சரி, அவர் என்ன சாப்பிட்டார் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதினேன். காலை இரண்டு இட்லியும் சாம்பாரும், அதில் 6 கிராம் புரதம். பால் விட்ட டீ இரண்டு வேளை, 5 கிராம். மதியம் ஒரு பிடிச் சோறு, குழம்பு, சின்னத் துண்டு மீன், எல்லாம் சேர்த்து 12 கிராம். ராத்திரி கஞ்சி, 4 கிராம். மொத்தம் 27. குறைவது 23 கிராம். கலோரியிலும் பாதிக்குப் பாதி பள்ளம்.

ஒரு பாட்டிலில் 200 மில்லி, 300 கலோரி, 15 கிராம் புரதம் இருந்தது. இரண்டு பாட்டில் என்றால் 600 கலோரி, 30 கிராம். பள்ளம் நிரம்பிவிடும், ஆனால் இட்லியும் மீனும் கஞ்சியும் நிற்காமல் தொடர்ந்தால்தான். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் முதியோர் வழிகாட்டுதலும் இதை ஒட்டித்தான் இருக்கிறது: இத்தகைய பானங்கள் தினமும் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் தர வேண்டும், குறைந்தது ஒரு மாதமாவது தொடர வேண்டும். நான் முதலில் கொடுத்த ஒற்றைப் பாட்டில், சோற்றையும் நிறுத்திவிட்ட நிலையில், எதற்குக் காணும்?

நோட்டில் எழுதுவது சிரமமாக இருந்தால் தட்டைப் பாருங்கள். வைத்ததில் முழுதும் தின்றாரா, முக்காலா, பாதியா, காலா? பாதிக்குக் கீழே பல நாள் போனால் பானம் தேவைப்படும் நிலை.

மூன்றாம் படி: யாருக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது

சிறுநீரகச் செயல்பாடு குறைந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியவருக்குக் கூட்டச் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கணக்கில் உண்டு, அவர்களுக்கென்றே தனி வகை இருக்கிறது. பக்கத்து வீட்டு டயாலிசிஸ் நோயாளி குடிக்கிறார் என்று நீங்கள் வாங்கிவிடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் மூலப்பொருள் வரிசையைப் படியுங்கள். எடை அதிகமுள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீருக்கு அடுத்தபடியே மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்தோ சர்க்கரையோ நின்றால் அது ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, அதனால் 'சர்க்கரை சேர்க்காதது' என்ற வாசகத்தோடும் அது உள்ளே இருக்கலாம். என் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆனது. சாதாரண வகையைக் குடித்த நாளில் இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 300-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சேர்த்த வகைகள் உண்டு. அதைத் தொடங்கினாலும் முதல் வாரம் குடிக்கும் முன்பும், இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து பாருங்கள். இன்சுலின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டி வரலாம்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு, ஆசையில் ஒரே நாளில் மூன்று பாட்டில் ஊற்றிவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சத்து வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறும். உயிருக்கு ஆபத்து. மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, வைட்டமின் பி1 கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள்.

குடிக்கும்போதெல்லாம் இருமுகிறார், குரல் ஈரமாகக் கரகரக்கிறது என்றால் பானம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள். பக்கவாதம் வந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். அவர்களுக்கு நீர்த்த பானம் கூடாது. விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று சொல்வார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களும் விலக வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்கிறவர்களுக்கு லாக்டோஸ் இல்லாத வகைகளே பல இருக்கின்றன, பெட்டியில் எழுதியிருக்கும்.

மாத்திரைகளையும் பாருங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இந்தப் பானத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள், இதிலுள்ள கால்சியமும் இரும்பும் அந்த மருந்தை உறிஞ்சவிடாது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின், நடுக்குவாதத்துக்கு லெவோடோபா, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: கடையில் என்ன பார்ப்பது

முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கம் திருப்பி, அளவுகள் 100 மில்லிக்கா, முழுப் பாட்டிலுக்கா என்று முதலில் பாருங்கள். நோயாளிகளுக்கான வகையாக இருந்தால், மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டுமே பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அதே ஆணையம், மால்ட் பானங்களையும் பால் பானங்களையும் 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம்.

விலையைப் பாட்டில் கணக்கில் ஒப்பிடாதீர்கள். விலையைப் புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். பாட்டில் 240 ரூபாய், புரதம் 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் 20 ரூபாய். முட்டை 7 ரூபாய் என்றால் அதில் 6 கிராம் புரதம் இருக்கிறது, கிராம் ஒன்றேகால் ரூபாய்கூட இல்லை. முட்டையோ மீனோ தின்ன முடிகிறவர் அதைத்தான் தின்ன வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் நின்றிருக்கும். அந்த மாதங்களில் கடன் வாங்கிப் பாட்டில் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே அடுத்த பகுதி.

வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் பெட்டியில் வரும் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேதியில் மாதம் முதலில் வருகிறதா, நாள் முதலில் வருகிறதா என்று பாருங்கள். சரக்குப் பெட்டியில் பல நாள் வெயிலில் வெந்து வந்திருக்கும். உப்பியிருந்தால், கசிந்திருந்தால், குலுக்கியும் திரி திரியாகவே நின்றால் கொட்டிவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு தம்ளர்

200 மில்லி பால். அதில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி, அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி. தோல் நீக்கி வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒன்றரை மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம். கருப்பட்டி 10 கிராம். பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் எல்லாவற்றையும் கலந்து வடிகட்டுங்கள். ஏறக்குறைய 300 கலோரி, 16 அல்லது 17 கிராம் புரதம். பாட்டிலுக்குக் குறைவில்லை. பாட்டிலில் இருக்கும் வைட்டமின்கள் எல்லாம் இதில் இருக்காது, அவற்றைக் கீரை, முட்டை, பழம் கொண்டு சேர்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி வேண்டாம், கருப்பட்டியும் சர்க்கரைதான்.

நம் கரையில் உடம்பு தேறுகிறவர்களுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது எவ்வளவு அறிவான பழக்கம்! மெல்ல வேண்டாம், முள் இல்லை, ஒரு கிண்ணத்தில் 20 கிராம் புரதத்துக்குக் குறையாது. நெத்திலியை முள்ளோடு அரைத்துக் குழம்பில் சேர்த்தால் கால்சியமும் கிடைக்கும். கருவாடு மட்டும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். நோன்புக் கஞ்சியில் பயறும் கறியும் கூட்டிப் போட்டால் அதுவும் நல்ல சத்துபானமே. கீழக்கரையில் ரமலான் முடிந்த பிறகும் முதியவருக்கென்று தனியாகக் காய்ச்சுகிற ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: கொடுக்கும் முறை

அம்மாவுக்கு இரண்டாம் முறை தொடங்கியபோது நேரத்தை மாற்றினேன். காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அரைப் பாட்டில். மாலை 4 மணிக்கு ஒன்று. படுக்கும் முன் மீதி அரை. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் எதுவும் இல்லை. சோறு திரும்பி வந்தது.

முதல் மூன்று நாள் பாதி அளவுதான் கொடுங்கள். குடல் பழக வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் வயிறு இரைந்து பேதியாகும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை மெல்ல மெல்ல உறிஞ்சட்டும். நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள், குடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்க வேண்டாம். முடிந்ததும் வாய் கொப்பளிக்கட்டும், இந்தப் பானங்கள் பல்லில் ஒட்டும்.

முழுப் பாட்டிலைப் பார்த்தாலே வெறுக்கிறவர் இருப்பார். அவருக்கு மில்லிக்கு 2 கலோரி உள்ள வகையை 60 மில்லியாக நாளுக்கு நான்கு வேளை, மருந்து போலக் கொடுங்கள். அதுவே 480 கலோரி. ஜில்லென்று கொடுத்தால் இரும்பு வாடை குறையும். சூடாக வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் தம்ளரை வையுங்கள், கொதிக்க விடாதீர்கள், திரிந்து போகும். ஒரே சுவை இரண்டு வாரத்தில் அலுக்கும் என்பதால் முதலிலேயே மூன்று சுவை வாங்கி மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. "இது என்னத்தா, மருந்தா மோரா?" என்று அம்மா முகம் சுளித்த சுவை ஒன்று உண்டு. அதையே கேழ்வரகுக் கூழில் கலந்தபோது கேட்டு வாங்கிக் குடித்தார்.

வைக்கும் இடம்

திறக்காத பாட்டிலுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம். ஆனால் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். தரையோரம், காற்றோட்டமான நிழலில் வையுங்கள். திறந்ததை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெளியே வைத்தால் 4 மணி நேரம்தான், வாய் வைத்துக் குடித்த பாட்டில் அதற்கும் தாங்காது, தம்ளரில் ஊற்றிக் கொடுப்பதே சரி. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் பெரிய பாட்டில் வாங்கவே வேண்டாம். பொடி டப்பாவுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. ஈரக் கரண்டி பட்டால் ஒரே வாரத்தில் கட்டி தட்டிவிடும்.

எப்போது நிறுத்துவது

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே எடைமேடையில் பாருங்கள். வாரம் கால் கிலோ ஏறினாலே நல்ல போக்கு. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது சதை இல்லை, நீர். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். படுத்தே கிடந்தால் சத்து தசையாக மாறாது, அதனால் மருத்துவர் அனுமதித்த அளவுக்கு எழுந்து நடக்க வையுங்கள். அம்மாவைத் திண்ணையிலிருந்து வாசல் வேம்பு வரை தினமும் இரண்டு தடவை நடத்தினோம்.

ஒரு மாதம் ஆனதும் மருத்துவரிடம் காட்டி, தொடரலாமா, மாற்றலாமா என்று கேளுங்கள். தட்டில் வைத்ததில் முக்கால் பங்கு தின்னத் தொடங்கி, எடையும் ஏறி நின்றால் இரண்டு பாட்டிலை ஒன்றாக்குங்கள். இரண்டு வாரம் எடை இறங்காமல் இருந்தால் அதையும் நிறுத்தலாம். அம்மாவுக்கு நான்காவது மாதம் 46 கிலோவில் நிறுத்தினோம். நிறுத்திய பிறகும் மாதம் ஒரு முறை எடை பார்த்து அதே நோட்டில் எழுதி வருகிறேன். மறுபடி இரண்டு கிலோ இறங்கினால், கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.